இனாமா, கடனா?

கேள்வி: அமெரிக்காவில் ஊர்களின் குடிநீர், சாக்கடைத் திட்டங்களுக்கு மாநில அரசு இனாமாகப் பணம் தருமா?

பதில்: கொஞ்சம் இனாம், மிச்சம் கடன். 1972-ன் தூய நீர்ச் சட்டப்படி கழிவுநீர் நிலையச் செலவில் 75 சதவீதம் வரை மத்திய அரசின் மானியமாகவே கிடைத்தது. ஊராட்சிகளின் பொற்காலம் அது! 1987-ல் சட்டத்தைத் திருத்தி, மாநிலச் சுழல்நிதியைக் கொண்டுவந்தார்கள். மத்திய அரசு 100 டாலர் தந்தால் மாநிலம் 20 டாலர் சேர்க்க வேண்டும். அதிலிருந்து ஊர்களுக்குக் குறைந்த வட்டியில் கடன். ஓர் ஊர் கட்டும் தவணை அடுத்த ஊருக்குக் கடனாகும். 1996-ல் குடிநீருக்கும் இதே ஏற்பாடு வந்தது. ஏழை ஊர்களுக்கு அசலிலேயே தள்ளுபடி உண்டு. ஆனால் நிதியெல்லாம் கட்டுமானத்துக்குத்தான். பம்ப் ஓடும் கரண்ட் பில்லை ஊர்க்காரர்களே கட்ட வேண்டும்.