நாற்று மாடியேறும் படலம்

காய்கறி நாற்று வெளியே போகத் தயாராகிவிட்டதை வித்திலைக்கு மேலே விட்டிருக்கும் நான்கைந்து நிஜ இலைகள் சொல்லும். தக்காளிக்குச் சுமார் 25 நாள், கத்தரிக்கு 30 முதல் 35, மிளகாய்க்கு 35 முதல் 45 என்று வயதுக் கணக்கும் உண்டு. ஆடிப்பட்டம், தைப்பட்டம் பார்த்து விதைத்தவர் பிழைத்தார். யூடியூப் பார்த்துச் சித்திரைப் பிறப்பன்று விதைத்தவர் அக்னி நட்சத்திரத்தில் நாற்றை மாடியேற்ற வேண்டிவரும். அதற்கு விதையை நேரடியாக வாணலியில் வறுத்துவிடலாம். வெண்டை, முள்ளங்கி, கொத்தவரை மூன்றும் டிரான்ஸ்ஃபர் என்றாலே மெடிக்கல் லீவு போடும் ஊழியர் ரகம். அவற்றை நிலைத்து நிற்கும் இடத்திலேயே விதைப்பது நல்லது.

ஜன்னலோர நாற்று வெளிச்சம் தேடிக் கழுத்தை நீட்டி நெட்டையாகியிருக்கும். வீட்டுக்காரர் அதை ‘நல்ல வளர்த்தி’ என்று குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டிருப்பார். உண்மையில் அதன் தண்டில் பலமில்லை, இலைமேல் இருக்கவேண்டிய மெழுகுப் படலமும் மெலிசு. நேரே உச்சிவெயிலில் வைத்தால் ஒரே மத்தியானத்தில் இலை வெளுத்துக் காகிதமாகிவிடும். உடனே தாகம் என்று நினைத்துக் குடம்குடமாக ஊற்றுவார்கள். வெயில் மிச்சம் வைத்ததை வேரழுகல் முடித்துவைக்கும். இதைத் தவிர்க்க ஏழு முதல் பத்து நாள் பழக்க வேண்டும். முதலில் நிழல்வலைக்குக் கீழே, பிறகு காலை வெயில் ஒரு மணி நேரம், அப்புறம் இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டே போகலாம். தண்ணீரையும் வாடாத அளவுக்குக் குறைக்க வேண்டும். காற்றில் ஆட ஆடத் தண்டு உறுதிப்படும். அதற்காக ஃபேனை டேபிளோடு மாடிக்குத் தூக்க வேண்டியதில்லை. அங்கே காற்று இலவசம்.

நடவுக்குச் சாயங்காலமே நல்ல நேரம். ஒரு மணி நேரம் முன்பே குழித்தட்டை நனைத்து, அடியிலிருந்து அழுத்தி, மண்கட்டியோடு எடுக்க வேண்டும். இலையைப் பிடிக்கலாம், தண்டைக் கூடாது. கிழிந்த இலைக்கு இன்னொன்று வரும், நசுங்கிய தண்டுக்கு வராது. தக்காளித் தண்டில் வேர்விடும் என்பதால் நெட்டைகளைக் கீழ் இலை வரை புதைத்து மானத்தைக் காப்பாற்றலாம். கத்தரியும் மிளகாயும் பழைய மட்டத்திலேயே நிற்கட்டும். செடி நட்ட பைகளைச் செங்கல்மேல் வைப்பது அவசியம், மாடித்தளம் ராத்திரி வரை கொதிக்கும்.

நட்டதும் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர். பகலில் தலை தொங்கிச் சாயங்காலம் நிமிர்ந்தால் கவலையில்லை. புதுக்குருத்து விரிந்தால் வேர் பிடித்தாயிற்று. அதுவரை பிடித்திருக்கிறதா என்று தினமும் செடியை ஆட்டிப் பார்க்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அந்த வீடுகளில் பிடிப்பதில்லை.