வாலட்.டாட்: பாடபேத ஆராய்ச்சிக்கு ஒரு முன்னுரை

பழைய கணினியில் பிட்காயின் தேடுவார் பலர். தேடுபொருளை வரையறுத்தார் இலர். அக்குறை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது.

2009 ஜனவரியில் வெளியான மூல மென்பொருள், பயனரின் சாவிகளை வாலட்.டாட் என்னும் ஒற்றைக் கோப்பில் இட்டுவைத்தது. விண்டோஸில் அது ஆப்டேட்டா என்னும் மறைவான ஃபோல்டருக்குள் கிடக்கும். அதில் காசு இல்லை. காசை நகர்த்தும் சாவியே உண்டு. ‘அப்படியானால் காசு எங்கே?’ என்று இவ்விடத்தில் தனி இயல் எழுதியோர் உளர். அவர்கள் திசைக்கு ஒரு கும்பிடு.

காணாமற்போன வாலட் ஐவகைப்படும். உள்ளபடி நான்குதான், ஐந்தில் அடங்காத எதையும் நம் துறையில் அச்சேற்றமாட்டார்கள்.

முதலாவது, அழிந்தது. டெலிட் செய்த கோப்பின் மேல் வேறொன்று எழுதப்படும்வரை பழைய ஹார்ட் டிஸ்க்கில் மீட்க வழியுண்டு.

இரண்டாவது, புதைந்தது. வேல்ஸின் நியூபோர்ட்டில் ஜேம்ஸ் ஹவல்ஸின் ஹார்ட் டிஸ்க் 2013இல் ஏறத்தாழ 8,000 பிட்காயினுக்கான சாவியோடு குப்பைமேடு போய்ச் சேர்ந்தது. அதைத் தேட அனுமதி கோரி அவர் தொடுத்த வழக்கை 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தள்ளியது. இருக்குமிடம் தெரிந்தும் பார்க்க அனுமதியில்லாத சுவடி. நூலகங்களோடு பழகியவர்க்கு விளக்கம் வேண்டா.

மூன்றாவது, பூட்டியது. நிரலாளர் ஸ்டெஃபான் தாமஸின் அயர்ன்கீ என்னும் பூட்டுள்ள பென்டிரைவில் 7,002 பிட்காயினின் சாவி. பத்து முறை பாஸ்வேர்டு பிழைத்தால் எல்லாம் போச்சு. 2021இல் செய்தி வெளியானபோது எட்டு முடிந்திருந்தது.

நான்காவது, பெருகியது. இதுவே எம் உயிர்.

‘பேக்கப்’ என்னும் ஃபோல்டருள் ‘பழைய பேக்கப்’, அதனுள் ‘பழைய டெஸ்க்டாப்’, அதனுள் இன்னொரு ‘பழைய டெஸ்க்டாப்’. இரண்டிலும் ஒவ்வொரு வாலட்.டாட். மூலபாடம் எது? வெளியிருப்பதே மூத்தது என்பார் ஒரு சாரார். உள்ளிருப்பதே என்பார் மறுசாரார். இரண்டும் இடைச்செருகல் என்பார் மூன்றாமவர். இவர் கணினியைத் திறந்தே பார்த்ததில்லை என்பது, இவர் மறுப்புரைக்கு எழுந்த மறுப்புக்கு இவர் மாணாக்கரின் மைத்துனர் வழங்கிய அணிந்துரையின், கட்டுப்பிரியாத இரண்டாம் பதிப்பில், அட்டைக்குள் ஒட்டிய பிழைதிருத்தத்தின் பின்பக்கத்தால் பெறப்படும்.

மூத்த பிரதியே நல்ல பிரதி என்னும் சுவடியியல் பக்தி இங்கே சோறு போடாது. பழைய வாலட் 100 சாவிகளை முன்கூட்டியே உண்டாக்கி வைக்கும். செலவுபோக மிஞ்சும் சில்லறை ஒவ்வொரு முறையும் புதுச் சாவிக்குப் போகும். பேக்கப் எடுத்தபின் அந்த நூறும் தீர்ந்தால், அப்புறம் வந்த காசுக்கு அந்தப் பேக்கப்பில் சாவியே இராது. பிந்திய பிரதியை நாடலாமே எனின், 2011 செப்டம்பர் முதல் வாலட்டுக்குப் பாஸ்வேர்டு போடும் வசதி வந்துவிட்டது. ஆகவே முந்தியது திறக்கும், காசு வராது. பிந்தியதில் சாவி இருக்கும், திறக்காது. 2016இல் வந்த 0.13 பதிப்பு புதிய வாலட்டின் எல்லாச் சாவியையும் ஒரே விதையிலிருந்து முளைக்கவைத்து இச்சிக்கலைத் தீர்த்தது. எத்தனை முனைவர் பட்டங்கள் அன்று கருவிலேயே கலைந்தனவோ!

ஐந்தாவது, எக்காலத்தும் இல்லாதது. 2010இல் வாங்கியதாக நினைத்துக்கொண்டு தேடுவது. இல்லாத நூலுக்கு உரை கண்ட நமக்கு இது புதிதன்று.

இனிக் காலக்கணிப்பு. ரோபோஃபார்ம் என்னும் மென்பொருள் உருவாக்கித் தந்த 20 எழுத்துப் பாஸ்வேர்டைத் தொலைத்தார் ஒருவர், 43.6 பிட்காயின் மாட்டிக்கொண்டது. அம்மென்பொருளின் பழைய பதிப்பு கணினிக் கடிகாரத்தைப் பார்த்தே பாஸ்வேர்டு புனைந்தது என்பதைக் கண்டார் ஹேக்கர் ஜோ கிராண்ட். நேரம் தெரிந்தால் பாஸ்வேர்டு தெரியும். உரிமையாளருக்கோ தேதி நினைவில் இல்லை. கடைசியில் 2013 மே 15, கிரீன்விச் நேரப்படி மாலை 4 மணி 10 நிமிடம் 40 விநாடி என்று கணித்து, பூட்டைத் திறந்தே விட்டார் கிராண்ட், தம் கூட்டாளியோடு.

நம்மவர் ஒரு நூலை முந்நூறு ஆண்டு முன்னும் பின்னும் இழுத்து, அதன்பொருட்டு ஒருவரோடொருவர் ஆயுளுக்கும் பேசாதிருப்பர். விநாடிவரை கணித்த கிராண்டை அடுத்த கருத்தரங்குக்கு அழைப்போம். பத்து நிமிடம் தருவோம். முதல் கேள்வி முன்வரிசையிலிருந்து வரும்: ‘அது ஏன் மே 14ஆக இருக்கக்கூடாது?’