டோன் தேடும் மனிதர்

பழைய ஆம்ப்ளிஃபயரின் டோனைத் தேடுபவர் பெரும்பாலும் முதுகைக் காட்டியபடியே தென்படுவார். மேடையானாலும் ஒத்திகை அறையானாலும் வீட்டுக் கராஜானாலும் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, வாயில் சின்ன டார்ச்சைக் கவ்விக்கொண்டு, உள்ளே எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். கிட்டார் பக்கத்தில் ஸ்டாண்டில் நிற்கும். குழுவின் மற்ற மூன்று பேரும் காத்திருப்பார்கள். டிரம்ஸ் வாசிப்பவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். அந்த வாத்தியத்துக்கு அந்த வசதி உண்டு.

இந்த இனம் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் செழித்து வளர்கிறது. வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். பகலில் பல் மருத்துவராகவோ வரி ஆலோசகராகவோ இருப்பார். கையில் காசு சேரும் வயதும் காது மந்தமாகத் தொடங்கும் வயதும் ஒன்றாகவே வந்து சேர்வது இந்தத் துறையின் பொருளாதாரத்துக்குப் பெரிய துணை.

பொதுவாக நல்ல சத்தம் என்ற ஒன்றை இவர் தேடுவதில்லை. குறிப்பிட்ட ஓர் ஆண்டு, குறிப்பிட்ட ஒரு ஸ்டூடியோ, குறிப்பிட்ட ஒரு பாட்டில் இரண்டாவது நிமிடத்தில் வரும் நான்கு சுரங்கள் ஆகியவையே தேடுபொருள். இங்கிலாந்துக்காரர் என்றால் அது பெரும்பாலும் 1966. ஜான் மேயாலின் 'புளூஸ் பிரேக்கர்ஸ்' இசைத்தட்டில் எரிக் கிளாப்டன், அப்போது இருபத்தொரு வயது, மார்ஷல் ஆம்ப்ளிஃபயரின் சத்தத்தைக் குறைக்க மறுத்து வாசித்தார். ஒலிப்பதிவுக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. அமெரிக்கர் என்றால் 1978, வான் ஹேலன் குழுவின் முதல் இசைத்தட்டு. ஆண்டுகளைச் சொல்லும்போது சற்று எச்சரிக்கை தேவை. மார்ஷல் கம்பெனியில் '1959', '1962' என்பவை மாடல் எண்கள். அந்தப் பெட்டிகள் கடைக்கு வந்தது 1960களின் நடுவில். "1967ஆம் வருஷத்து 1959" என்று இவர் பேசுவதைப் பக்கத்து மேசையில் கேட்பவர்கள் கவலையோடு திரும்பிப் பார்ப்பதுண்டு.

தேடப்படும் பெட்டிகளின் பூர்வீகம் வேடிக்கையானது. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர், பேஸ் கிட்டாருக்காக 'பேஸ்மேன்' என்ற ஆம்ப்ளிஃபயரைச் செய்தார். பேஸ் வாசித்தவர்களைவிடச் சாதாரண கிட்டார் வாசித்தவர்களுக்கே அது அதிகம் பிடித்துப்போனது. 1962இல் மேற்கு லண்டனில் ஹான்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை நடத்திய ஜிம் மார்ஷலின் ஆட்கள் அதன் சர்க்யூட்டைப் பார்த்து ஒன்று செய்தார்கள். அமெரிக்கப் பாகங்களை வரவழைப்பது செலவு. ஆகவே உள்ளூரில் கிடைத்த டிரான்ஸ்ஃபார்மர், உள்ளூர் ஸ்பீக்கர், ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாயான வால்வில் கைக்கு வந்தது. சத்தம் மாறிப்போயிற்று, உலகப் புகழும் பெற்றது. அதற்கும் முன்னால் 1951இல், மெம்ஃபிஸில் 'ராக்கெட் 88' பாட்டைப் பதிவு செய்யப் போகும் வழியில் ஆம்ப்ளிஃபயர் சேதமாகிவிட, ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்து வாசித்தார்கள். 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ், அப்போது பதினேழு வயது, மலிவான சின்னப் பெட்டி ஒன்றின் ஸ்பீக்கரைச் சவரப் பிளேடால் கீறினார். ஆக, அவசரம், சிக்கனம், விபத்து, வாலிபக் கோபம் ஆகியவற்றால் பிறந்த ஒலிகள் இவை. அவற்றைத் திரும்ப உண்டாக்க இவர் பொறுமை, பணம், அளவுமானி, நடுவயது ஆகியவற்றைப் பயன்படுத்துகிறார்.

மாற்றியமைத்தல் சிறியதிலிருந்து தொடங்கும். முதலில் வால்வு. இன்று தயாராகும் வால்வுகளை இவர் தொடமாட்டார். இங்கிலாந்தின் முல்லார்ட், ஜெர்மனியின் டெலிஃபுங்கன் என்று ஐம்பது, அறுபது ஆண்டுகளாகப் பெட்டியைவிட்டு வெளியே வராமல் கிடந்தவை வேண்டும். டெலிஃபுங்கனின் அடியில் கண்ணாடியில் பதிந்த சிறிய வைர வடிவம் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். அடுத்து கெபாசிட்டர்: பழைய மார்ஷல்களில் இருந்த மஞ்சள் நிற முல்லார்ட் வகை, இவர்கள் பேச்சில் 'மஸ்டர்ட்'. பிறகு கார்பன் ரெசிஸ்டர், துணி சுற்றிய ஒயர், டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர். கடைசியில் பெட்டியில் அசலாக மிஞ்சுவது கைப்பிடி மட்டும்.

இந்த வேலையில் ஆபத்தும் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்களில் நானூறு வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். எட்டி வான் ஹேலன் வேரியாக் என்ற கருவியை வைத்துத் தன் மார்ஷலுக்குப் போகும் மின்னழுத்தத்தை மாற்றினார் என்பது தெரியவந்தபோது, அவர் அதைக் கூட்டினார் என்ற செய்தியே முதலில் பரவியது. அவரது பழைய பேட்டிகளும் அதற்கு இடம் கொடுத்தன. நம்பிக் கூட்டியவர்களின் பெட்டிகள் புகைந்தன. உண்மையில் அவர் 120 வோல்ட்டை ஏறக்குறைய 90க்குக் குறைத்திருந்தார். பக்தியில் முதலில் கருகுவது டிரான்ஸ்ஃபார்மர்தான்.

இவருடைய முக்கியமான குணம் இனிமேல்தான் வருகிறது. மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். இவர் தனியாகக் கேட்டு அனுபவிக்கமாட்டார். இன்னொரு காது வேண்டும்.

"ஒரு நிமிஷம், இதை மட்டும் கேட்டுச் சொல்லு" என்று ஆரம்பிக்கும். மூன்று விநாடி நீளமுள்ள ஒரு துணுக்கை வாசிப்பார். பல ஆண்டுகளாக அதே துணுக்கு. அதற்கு அடுத்த சுரம் எது என்று குழுவில் யாருக்கும் தெரியாது. "இது ஏ." பிறகு பெட்டிக்குப் பின்னால் போய் உட்காருவார். ஸ்குரூ உருளும் சத்தம். வால்வு சூடாக வேண்டும், பொறுக்கச் சொல்வார். நான்கைந்து நிமிடம் போகும். எழுந்து வந்து அதே மூன்று விநாடி. "இது பி. கேட்குதா?"

அறிவியல்படி பார்த்தால் இந்தச் சோதனைக்கு ஆதாரமே கிடையாது. நுட்பமான ஒலி வித்தியாசத்தைக் காது சில விநாடிகளுக்கே துல்லியமாக நினைவில் வைத்திருக்கும். நான்கு நிமிடத்துக்குப் பிறகு ஏ என்பது வதந்தி. அதோடு, இரண்டில் எது சற்று உரக்க ஒலிக்கிறதோ அதுவே மனிதக் காதுக்கு உயர்ந்ததாகப் படும். ஒலிப்பொறியாளர்கள் இரண்டின் உரப்பையும் சமப்படுத்திய பிறகே ஒப்பிடுவார்கள். புதிதாகக் காசு போட்டு வாங்கிய பாகம் உள்ளே இருக்கும்போது இவருடைய சுண்டுவிரல் வால்யூம் குமிழைத் தானாகவே ஒரு நூல் கூட்டிவிடும்.

பதில் சொல்வதிலும் தப்பிக்க வழியில்லை. வித்தியாசம் தெரியவில்லை என்றால், எதைக் கவனிக்கத் தவறினோம் என்று விளக்கிவிட்டு மறுபடி ஏ-யிலிருந்து தொடங்குவார். தெரிகிறது என்றாலோ வாய்மொழித் தேர்வு ஆரம்பம்: எங்கே தெரிகிறது, அடிப்பகுதியிலா, நடுவிலா, சுரம் எழும் இடத்திலா, தேயும் இடத்திலா? கதகதப்பாக இருக்கிறதா, மரத்தின் குணம் வருகிறதா, மெல்லும்போது மீள்கிறதா? இரண்டாவதுதான் நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தொலைத்தால் முகம் மலரும். கிளம்பலாம் என்று தோன்றும். ஆனால் மலர்ந்த முகத்தோடு அவர் சொல்வது, "அப்போ சி-யைக் கேட்டா என்ன சொல்லுவே!" முதலாவதுதான் நன்றாக இருந்தது என்று சொல்பவருக்கு நேரும் கதியை எழுத இடம் போதாது. மாமியார் வீட்டில் காப்பி எப்படி என்று கேட்டால் மாப்பிள்ளை எதைச் சொல்வாரோ அதைச் சொல்லப் பழகியவர்களே இவருடைய நண்பர்களாக நீடிக்கிறார்கள்.

சில சமயம் ஏ, பி இரண்டுக்கும் இடையில் ஸ்விட்சைத் தட்டவே மறந்திருப்பார். இரண்டும் ஒன்றே என்பது வெகுநேரம் கழித்துத் தெரியவரும். வேறொருவராக இருந்தால் அத்தோடு சோல்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிடுவார். இவர் யோசித்துவிட்டு, "மின்சாரம் மாறியிருக்கு, ராத்திரி பதினோரு மணிக்கு மேல லைன் சுத்தமா வரும்" என்பார்.

ஒத்திகை அறைக்கு மணிக்கணக்கில் வாடகை. ஏழு மணிக்கு எடுத்த அறையில் முதல் பாட்டு எட்டே காலுக்குத் தொடங்குகிறது. வாடகையை நால்வரும் சமமாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். இது நியாயமில்லை. பாடுபவர் குழந்தைகளைத் தூங்கவைக்கும் வேலையை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டு வந்திருக்கிறார். பேஸ் வாசிப்பவர் காலையில் ஐந்தரைக்கு எழுந்து வேலைக்குப் போக வேண்டியவர். ஒரு ரெசிஸ்டருக்காக அவர்கள் வாரம் ஒரு மாலையை இழக்க வேண்டிய அவசியமில்லை. இதைச் சொன்னால் அவருக்குப் புரிகிறது, மன்னிப்பும் கேட்கிறார். அடுத்த வாரம் இரண்டு பெட்டிகளோடு வருகிறார்.

உரப்பு தனிப் பிரச்சினை. பழைய பெட்டிகளின் இனிமை, வால்வுகள் திணறும் அளவுக்குத் திருப்பி வைத்தால்தான் வெளிவரும். நூறு வாட் மார்ஷல் அந்த நிலைக்கு வரும்போது தெருவே அந்தப் பாட்டைக் கேட்கும். நூறைப் பத்து வாட்டாகக் குறைத்தால் சத்தமும் பத்தில் ஒரு பங்காகும் என்று குடும்பத்தார் நம்புகிறார்கள். காதின் கணக்கு வேறு: பத்து வாட்டுக்கு உரப்பு ஏறத்தாழ பாதியாகவே குறையும். அட்டென்யுவேட்டர் என்ற கருவியை நடுவில் வைத்து மேலும் அடக்கலாம். அப்போது வேறொன்று கெடும். மெல்லிய ஒலியில் காது அடிச்சுரங்களையும் உச்சச்சுரங்களையும் சரியாகப் பிடிக்காது என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஆகவே படுக்கையறை அளவுக்கு அடக்கிய 1966, 1966 போலக் கேட்காது. இதற்கு மருந்து பெட்டிக்குள் இல்லை. பெட்டியைத் திறந்தபடியேதான் இவர் இதையும் ஒப்புக்கொள்வார்.

இத்துறையில் மகான்கள் உண்டு. கலிஃபோர்னியாவில் அலெக்சாண்டர் டம்பிள் தம் வாழ்நாளில் சுமார் 300 ஆம்ப்ளிஃபயர்களே செய்தார். வாங்குபவர் வாசிப்பதைக் கேட்டு அவருக்கேற்ப அமைப்பார். யாரும் பார்த்துச் செய்யக்கூடாது என்று சர்க்யூட்டின் மேல் எபாக்சிப் பசையை ஊற்றி மூடுவார். 2022இல் அவர் மறைந்தார். அவருடைய பெட்டிகள் ஒரு லட்சம் டாலருக்கு மேல் போகின்றன. பசை ஊற்றிய சர்க்யூட்டைப்போல இவர்களின் கற்பனையைத் தூண்டுவது வேறில்லை. நியூஜெர்சியின் கென் ஃபிஷர் தம் 'டிரெயின்ரெக்' பெட்டிகளுக்கு வரிசை எண் இடாமல் பெண்களின் பெயரை வைத்தார். அதன் குடும்ப விளைவுகள் பற்றிய குறிப்பு எங்கும் இல்லை.

விரலில்தான் டோன் இருக்கிறது என்ற எதிர்க்கட்சியும் உண்டு. எட்டி வான் ஹேலனின் கிட்டாரையும் பெட்டியையும் வாங்கி வாசித்தபோது தன் சத்தமே வந்தது என்று கிட்டார் வாசிப்பாளர் டெட் நுஜென்ட் சொல்லிய கதை அந்தக் கட்சியின் வேதம். இவருக்கும் அந்தக் கதை தெரியும். மற்றவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். பிறகு, அன்று நுஜென்ட் எந்த ஸ்பீக்கரில் வாசித்தார் என்று கேட்பார்.

இவரிடம் நல்ல குணங்களும் இருப்பதால் குழுக்கள் இவரைக் கழற்றிவிடுவதில்லை. யாருடைய பெட்டி இரைந்தாலும் வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சரி செய்து, பைசா வாங்காமல், துடைத்துக் கொண்டுவந்து கொடுப்பார். அறுந்த கேபிளை நிகழ்ச்சிக்கு நடுவில் ஈயம் வைத்துப் பற்றவைத்துத் தருவார். இளையவர் யாராவது வால்வு எப்படி வேலை செய்கிறது என்று கேட்டுவிட்டால், நிஜமாகவே புரியும்படி, எளிய வார்த்தைகளில், அலுக்காமல் சொல்லிக்கொடுப்பார். நிகழ்ச்சி மேடையில் சொந்தப் பெட்டி உயிரைவிட்டால் இவருடைய இன்னொரு முகம் தெரியும். அரங்கத்தின் மூலையில் கிடக்கும், இரண்டே குமிழுள்ள, யாரும் மதிக்காத டிரான்சிஸ்டர் பெட்டியில் கேபிளைச் சொருகுவார். திருகுவதற்கு ஒன்றுமில்லாததால் கைகள் கிட்டாரிலேயே தங்கிவிடும். பாட்டுகள் முழுதாக, ஒன்றன்பின் ஒன்றாக வரும். கூட்டம் எழுந்து நின்று கைதட்டும். பாடுபவர் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். இறங்கி வந்ததும் இவர், "சத்தம் சகிக்கலை, இல்லையா?" என்று கேட்பார்.

செலவு பற்றிய தகவல் குடும்பத்தாருக்கு ஒரு விதமாகவும் சக தேடுநருக்கு ஒரு விதமாகவும் தரப்படுவதால் நம்பத்தக்கதல்ல.

அண்மைக்காலத்தில் ஒரு கிளை பிரிந்திருக்கிறது. பழைய பெட்டிகளின் ஒலியைக் கணித்துத் தரும் டிஜிட்டல் கருவிகள் 1990களின் இறுதியில் பரவின. இன்று உள்ளங்கையளவு பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான ஆம்ப்ளிஃபயர்கள் அடங்கிவிடுகின்றன. புகை வராது, ஷாக் அடிக்காது, முதுகும் வலிக்காது. குழுவினர் இவற்றை ஆவலோடு வரவேற்றார்கள். ஆனால் ஏ, பி, சி என்று போய்க்கொண்டிருந்த சோதனைக்கு முன்பு வால்வு சூடாகும் நேரமாவது இடைவெளி தந்தது. இப்போது அதுவும் போயிற்று. ஸ்பீக்கரின் எந்த இடத்துக்கு எதிரே மைக்கை வைப்பது என்பதைக்கூடத் திரையில் விரலால் நகர்த்தலாம். கருவிகளுக்குப் புதிய மென்பொருள் அவ்வப்போது வருகிறது. அது வந்த வாரத்தில் ஒத்திகைக்கு அறை எடுப்பதில்லை என்று சில குழுக்கள் முடிவு செய்திருக்கின்றன.