அடிப்படை நிறுவல் சூத்திரம்: மூலமும் உரையும்

பாயிரம்

கணினியில் இயங்குதளத்தை நிறுவும்போது கேளாமலே கூட வந்து இறங்க வேண்டிய மென்பொருள்கள் எவை, பயனர் பிற்பாடு தேடிப் போட்டுக்கொள்ள வேண்டியவை எவை எனப் பகுத்துரைப்பதே இந்நூல் நுதலிய பொருள். எல்லை: வடக்கே கர்னல், தெற்கே சொலிட்டேர் சீட்டாட்டம். கேட்போர்: மாலையில் ஒரு லினக்ஸை நிறுவி, இரவே அதை அழித்து வேறொரு லினக்ஸை நிறுவுவோர். பயன்: வாதம் வளர்தல்.

நூற்பா 1

இல்லா விடத்தே எழுமொலி அளவே
உள்ளே இருக்கும் உரிமையின் அளவே.

உரை: ஒரு மென்பொருளின் இடத்தை அதன் பயன் தீர்மானிப்பதில்லை, அதைக் காணாதபோது கிளம்பும் கூச்சலே தீர்மானிக்கும் என்றவாறு. இது யாம் புதிதாய்ப் படைத்து மொழிந்ததன்று. டெபியன் என்னும் லினக்ஸின் கொள்கைக் கையேடு, பொதிகள் எனப்படும் மென்பொருள் மூட்டைகளுக்கு முன்னுரிமை வகுக்கையில், ‘முக்கியம்’ என்னும் வகுப்புக்குக் கூறும் இலக்கணமே இதுதான். அனுபவமுள்ள யூனிக்ஸ்காரர் ஒரு பொதியைக் காணாமல் திடுக்கிட்டு, எங்கே போயிற்று என்று கேட்பாராயின் அது முக்கியம். திடுக்கிடலை அளவுகோலாக்கிய துணிவு போற்றத்தக்கது. ஆயினும் அதே பகுதி ஈமாக்ஸ் என்னும் தொகுப்பி, எக்ஸ் சாளர அமைப்பு, டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருள் ஆகியவற்றைப் பெயர் சொல்லி விலக்குகிறது. ஈமாக்ஸ்காரர் திடுக்கிட்டால் கணக்கில் வாராது என்பது இதனாற் பெறப்படும்.

எடுத்துக்காட்டு: பெயின்ட். 1985-இல் விண்டோஸின் முதல் பதிப்போடு வந்தது. 2017-இல் மைக்ரோசாப்ட் அதைக் கைவிடவுள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. அதில் கோணல் வட்டம் தவிர வேறொன்றும் வரைந்தறியாதவர்களும் கலங்கிப்போனார்கள். பெயின்ட் இன்றும் இருக்கிறது.

எதிர்மறை எடுத்துக்காட்டு: வேர்ட்பேட். 1995 முதல் பொறுமையாக இருந்தது. 2024-இல் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் நீக்கப்பட்டது. ஒலி போதவில்லை.

நூற்பா 2

இடம்சிறி தாயின் அறம்பெரி தாமே.

உரை: உபுண்டு என்னும் லினக்ஸ் 2004-இல் பிறந்தபோது ஒரே சிடிக்குள், அதாவது 700 எம்பிக்குள், அடங்கியாக வேண்டியிருந்தது. ஒரு பொதி உள்ளே வர இன்னொன்று எழுந்து போக வேண்டும். படத் திருத்தியான கிம்ப், சாதாரணப் பயனருக்கு மிகை, கற்கக் கடினம் என்று 2010-இன் 10.04 பதிப்பில் வெளியேற்றப்பட்டது. 2012-இன் 12.10 பதிப்பில் சிடி வரம்பு கைவிடப்பட்டது; அறமும் தளர்ந்தது. 24.04 பதிப்பின் ஐஎஸ்ஓ கோப்பு 5 ஜிபியைத் தாண்டிற்று. வியப்பு யாதெனில், 23.10 முதல் இயல்பாய்த் தேர்வாகியிருப்பது உலாவியும் சில கருவிகளும் மட்டுமே கொண்ட குறைந்தபட்ச நிறுவல். முழுவதையும் இறக்கிக் கொஞ்சத்தை நிறுவுவதே தற்கால எளிமை.

நூற்பா 3

ஆணை விலக்கினும் ஆள்விலக் காரே.

உரை: மீடியா பிளேயரை விண்டோஸோடு கட்டி விற்றது உள்ளிட்ட குற்றங்களுக்காக ஐரோப்பிய ஆணையம் 2004-இல் மைக்ரோசாப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்தது. பிளேயர் இல்லாத பதிப்பையும் விற்க ஆணையிட்டது. எக்ஸ்பி என் என்னும் அப்பதிப்பு வந்தது. விலையோ இருந்ததற்கும் இல்லாததற்கும் ஒன்றே. அதே காசுக்கு ஒன்று குறைவாக வாங்குவார் அரிதாயினர்.

தடை: அஃதேல், எவரும் தொடாத, எவரும் தேடாத மென்பொருள் அடிப்படையில் நிலைத்திருப்பது எங்ஙனம்? பெர்ல் மொழியையே 2003-இன் 5.0 பதிப்பில் வெளியே அனுப்பிய ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம், கென் தாம்சன் 1969-இல் எழுதிய ஈடி என்னும் வரித் தொகுப்பியின் வழித்தோன்றலை இன்றும் வைத்துப் பேணுகிறதே?

விடை: திரை இன்ன வகை என்றே இயந்திரத்துக்குத் தெரியாத நிலையில் மற்றத் தொகுப்பிகள் திணறும், ஈடி வேலை செய்யும். அந்நாளில் அதைக் காணாமல் எழும் குரல் ஒருவருடையதே. ஆனால் அது நள்ளிரவில், சர்வர் அறையில், விழுந்த இயந்திரத்தின் முன் எழுவது. ஒலியை ஆளெண்ணி அளத்தல் கூடாது. எழுந்த நேரமும் நோக்குக.

முடிபு

எதை வைப்பது என்று குழு கூடி ஆராய்வது வீண். ஐயமுள்ள பொதியை நீக்கிவிட்டு அடுத்த பதிப்பு வரை காத்திருக்க. எவரும் கேளாவிடின் அது அடிப்படையன்று. கேட்டவர் ஈமாக்ஸ்காரர் மட்டுமே எனினும் அன்று.