மாப்பிள்ளையின் முக்கால் எச்.பி.

கோயமுத்தூரில் பிறந்து, கோயமுத்தூரிலேயே பெண்ணும் எடுத்தவன் ஒரு என்ஜின் வாங்கினால் அது அவன் சொந்த விஷயமாக இருக்காது, தெருவுக்கே பொது விஷயமாகிவிடும். 1937-ல் ஜி.டி. நாயுடு காலத்திலேயே உள்நாட்டு மின்மோட்டாரைச் செய்து காட்டிய ஊர் இது. அன்றிலிருந்து இங்கே மோட்டார் பற்றிக் கருத்து இல்லாதவர்கள் தொட்டில் குழந்தைகள் மட்டும்தான். ஃபவுண்டரி, லேத் பட்டறை, வைண்டிங் கடை என்று ஏதாவது ஒன்றில் கையைக் கறுப்பாக்கிக்கொள்ளாத சித்தப்பா யாருக்கும் கிடையாது. எனக்கு வாய்த்த மாமனாரோ ஒரு பம்ப்செட் கம்பெனியில் ஃபவுண்டரியில் நுழைந்து டெஸ்டிங் பிரிவில் ஓய்வு பெற்றவர். அவர் காதுக்குப் போகாமல் ஒரு ரிமோட் விமானத்துக்கு என்ஜின் வாங்கிவிடலாம் என்று நான் நினைத்தேன்.

விமானம் தயாராக இருந்தது. பால்சா மரம், மேலே ஒட்டிய சிவப்புப் பிலிம், இறக்கை ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகம், பறக்கும்போது எடை இரண்டரைக் கிலோ. ஏரோமாடலிங் ஆட்கள் இதை ‘ஃபார்ட்டி சைஸ் டிரெய்னர்’ என்பார்கள். பெட்டியின் மேல் ‘40 முதல் 46 வரை’ என்று போட்டிருந்தது. மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைத்தான் முதலில் படித்தார்.

“நாப்பது சி.சி.ங்களா மாப்ளே?”

“இல்லீங்க மாமா. பாயிண்ட் நாலு கன இஞ்சு. சி.சி.யில சொன்னா ஆறரை. நாப்பத்தாறுன்னா ஏழரை.”

“ஏழரையா!” என்றவர் அந்த எண்ணைப் பற்றி மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. எங்கள் வீட்டில் சனிக்கிழமைதோறும் எள் விளக்கு ஏற்றுகிற வழக்கம் உண்டு. அடுத்த கேள்வி, “எத்தனை எச்.பி.?”

ஒன்றரைக்கு மேல் என்றேன். 46 சைஸ் என்ஜின்களுக்கு அப்படித்தான் போட்டிருப்பார்கள். மாமா சிரித்தார். ஒன்றரை எச்.பி.யில் நாலு வீட்டு மேல்தொட்டியை நிரப்பலாம் என்பது அவர் அனுபவம். உள்ளங்கையில் அடங்குகிற, சைலன்சரோடு சேர்த்தே அரைக் கிலோ வருகிற ஒரு சாமானுக்கு யாரோ அந்த எச்.பி.யை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்றால், அவரைப் பொறுத்தவரை அது போலீஸில் புகார் கொடுக்க வேண்டிய விஷயம். “எந்த ஆர்.பி.எம்.ல?” என்று கேட்டார். பதினாறாயிரம் என்றேன். வாழ்நாள் முழுக்க 2,880-லும் 1,440-லும் குடித்தனம் நடத்தியவர் அதற்குப் பதில் சொல்லாமல் காப்பி குடிக்கப் போய்விட்டார். ஒரு வகையில் அவர் சந்தேகம் நியாயம்தான். பதினோரு அங்குல புரொப்பெல்லரை மாட்டினால் அந்த என்ஜின் பன்னிரண்டு, பதின்மூன்று ஆயிரத்தோடு நின்றுவிடும். பெட்டியில் போட்ட எச்.பி. பெட்டியோடு சரி.

இந்தப் பொழுதுபோக்கில் இறங்கிய யாரும் என்ஜினைத் தேர்ந்தெடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. எந்தத் தொல்லையோடு குப்பை கொட்டலாம் என்றுதான் தேர்ந்தெடுக்கிறார்கள். எங்கள் மைதானத்தில் விமானப் படையிலிருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் உண்டு. குளோ என்ஜின் தவிர மற்றதெல்லாம் பொம்மை என்பது அவர் கொள்கை. அவர் விமானத்தைத் தரையில் வைத்துக் கிளப்புவதைப் பார்த்தால் நமக்கும் அப்படித்தான் தோன்றும். நீடிலை இரண்டரைச் சுற்றுத் திறப்பார். கார்புரேட்டர் வாயை விரலால் அடைத்துக்கொண்டு ப்ராப்பை மெல்லச் சுற்றி எரிபொருளை இழுப்பார். ஒன்றரை வோல்ட் பேட்டரியைக் குளோ பிளக்கின் தலையில் மாட்டி, ரப்பர் சுற்றிய குச்சியால் ப்ராப்பை ஒரு தட்டுத் தட்டுவார். ‘டக்’ என்று ஒரு உதை. இன்னொரு தட்டு. பிறகு எட்டு வீதிக்குக் கேட்கிற ஒரு அலறல். உடனே பேட்டரியைக் கழற்றிவிடுவார். அதற்கப்புறம் பிளக்குக்கு மின்சாரமே வேண்டாம்.

இங்கேதான் எனக்கு மயக்கமே. பிளக்குக்குள் இருப்பது மயிரிழைச் சுருளாகப் பிளாட்டினக் கலவைக் கம்பி. மெத்தனால் ஆவி அதன்மேல் பட்டால் போதும், ரசாயன வினையிலேயே சூடு ஏறித் தானாகக் கனன்றுகொண்டிருக்கும். 1947-ல் ரே ஆர்டன் என்ற அமெரிக்கர் இதைக் கடைக்குக் கொண்டுவருவதற்கு முன்பு பறந்த குட்டி விமானங்கள் பெரும்பாலும் பற்றவைப்புக் காயிலையும் பேட்டரியையும் முதுகில் சுமந்தபடிதான் பறந்தன. பிளாட்டினம் என்ற சொல்லை மட்டும் காதில் வாங்கிக்கொண்ட என் மனைவி, “ஏனுங்க, அதை வச்சு ஒரு மூக்குத்தி தேறுமா?” என்று கேட்டாள். ஒரு லோடு பிளக்கை உருக்கினால் ஒருவேளை தேறும்.

குளோ எரிபொருளில் மெத்தனாலோடு ஐந்திலொரு பங்கு எண்ணெய் சேரும். பழைய ஆட்கள் கலப்பது விளக்கெண்ணெய். சூட்டில் மற்ற எண்ணெய்கள் கைவிட்ட பிறகும் அது உலோகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். முதல் உலகப் போர் விமானங்களின் சுழல் என்ஜின்களுக்கும் அதைத்தான் ஊற்றினார்கள். விமானிகள் அதன் புகையைச் சுவாசித்தே வயிற்றுப்போக்கில் அவதிப்பட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டி காலுக்கிடையில் என்னை இடுக்கி, மூக்கைப் பிடித்து ஊற்றிய அதே சாமான். என் விஷயத்தில் கதைக்கே இடமில்லை, நேரடிச் சாட்சியம் உண்டு. எரிந்த விளக்கெண்ணெயின் வாசனைக்கு அண்ணன் கண்ணை மூடிக்கொள்வார். எனக்கு அடிவயிறு கலங்கும்.

இருந்தாலும் வாங்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஓ.எஸ். என்ற ஜப்பான் கம்பெனியின் பேரைச் சொன்னேன். ஒகாவா என்பவர் 1936-ல் ஒசாகாவில் தொடங்கியது. மாமா விரலை மடக்கினார். “நம்மூர் மோட்டார் முப்பத்தேழு. ஒரு வருஷந்தானுங்க முந்திக்கிட்டாங்க” என்றார், ஏதோ அந்த ஒரு வருஷமும் டெல்லிக்காரர்கள் லைசென்ஸ் கொடுக்கத் தாமதித்ததால் வந்த வினை என்பதுபோல.

தடுத்தது மெத்தனால். தமிழ்நாட்டில் அதற்கு உரிமம் வேண்டும். வேண்டியதுதான், எத்தனை உயிர்களை வாங்கிய சனியன் அது. இது தெரியாமல், அண்ணனின் பேச்சை நம்பி, ரசாயனக் கடை ஒன்றில் போய் ஐந்து லிட்டர் மெத்தனால் கேட்டேன். கடைக்காரர் பில் புத்தகத்தை மூடினார்.

“என்ன காரியத்துக்குங்க?”

“பிளேன் ஓட்றதுக்குங்க.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மதுவிலக்கு ஆய்வாளரும் ஒரு மனநல மருத்துவரும் சேர்ந்தே தெரிந்தார்கள். “கூட என்னங்க கலப்பீங்க?” என்று மெதுவாகக் கேட்டார். விளக்கெண்ணெய் என்றேன். பக்கத்தில் நின்ற பையனைப் பார்த்து, “தம்பி, சாருக்கு ஒரு டம்ளர் தண்ணி குடு” என்றார். தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். டப்பாவில் அடைத்த தயார் எரிபொருள் வாங்கலாம்தான். ஆனால் அது வருகிற வழியும் விலையும் கேட்டால், விமானத்தைப் பறக்கவிடுவதைவிட நிறுத்தி வைத்துப் பார்ப்பது லாபம்.

மற்ற வகைகளைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். ஃபோர்-ஸ்ட்ரோக் போட்டால் சத்தம் நிஜ விமானம் போலவே இருக்கும். விலையும் ஏறத்தாழ அப்படி. வால்வு இடைவெளி பத்தில் ஒரு மில்லிமீட்டருக்குள் சரிசெய்ய வேண்டும் என்றதும், அதைக் கழற்றிப் பார்க்க மாமாவுக்குக் கை பரபரத்தது. அந்தக் கைக்குப் பயந்தே அதை விட்டேன். பெட்ரோல் என்ஜின் என்றால் பங்க்கில் பெட்ரோலும் டூ-டி ஆயிலும் தாராளம், ஆனால் பரவலாகக் கிடைக்கிற இருபது சி.சி. என் விமானத்தின் மூக்கில் உட்கார்ந்தால் வால் தரையில் நிற்காது. இறக்கை அகலத்தில் முன்னிருந்து கால்பங்குக்கும் மூன்றிலொரு பங்குக்கும் இடையில் எடை சமனாக வேண்டும். இல்லையென்றால் அது விமானம் அல்ல, எறிகல். என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தவர்கள் ‘டீசல்’ என்று ஒன்றைச் சொல்வார்கள். அதில் டீசல் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. ஈத்தர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் சமபங்கு. மறுபடியும் விளக்கெண்ணெய்! அதோடு ஆஸ்பத்திரி வாசனை இலவசம். “டீசல் ஊத்தாததுக்கு எதுக்குங்க டீசல்னு பேரு?” என்ற மாமாவின் கேள்விக்கு உலக ஏரோமாடலிங் சமூகம்தான் பதில் சொல்ல வேண்டும்.

ரைட் சகோதரர்களுக்கும் இதே தலைவலி இருந்தது என்பது ஒரு ஆறுதல். பல கம்பெனிகளுக்கு எழுதிப் பார்த்தார்கள், அவர்கள் கேட்ட எடையில் யாரும் செய்து தரவில்லை. கடைசியில் அவர்கள் சைக்கிள் கடை மெக்கானிக் சார்லி டெய்லர் ஆறு வாரத்தில் அலுமினிய வார்ப்பில் பன்னிரண்டு எச்.பி.யில் ஒன்றைச் செய்து கொடுத்தார். 1903-ல் பறந்தது அதுதான். மாமாவிடம் இதைச் சொன்னபோது வெகுநேரம் யோசித்துவிட்டு, “பேட்டர்ன் மரத்துல பண்ணினாங்களா? ஆறு வாரம் ஜாஸ்திங்க மாப்ளே” என்றார்.

ஆக, மிஞ்சியது பேட்டரி மோட்டார்தான். அண்ணன் என்னை மகன் காதல் கல்யாணம் செய்துகொண்ட தகப்பன் போலப் பார்த்தார். வீட்டில் எதிர்ப்பில்லை. நடிகர் அஜித்குமார் குட்டி விமானம் விடுகிறவர், 2018-ல் சென்னை எம்.ஐ.டி. மாணவர்களின் தக்‌ஷா ட்ரோன் அணிக்கு ஆலோசகராகவும் இருந்தார் என்பதால் இந்தக் கிறுக்குக்கு எங்கள் வீட்டுப் பெண்களிடம் ஓரளவு மதிப்பு உண்டு.

மோட்டார் வந்த அன்று பார்சலைப் பிரித்தது மாமாதான். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, காதருகே வைத்து, வெளிக்கூட்டை மெல்லத் திருப்பினார். காந்தம் ஒவ்வொன்றும் இரும்புப் பல்லை விட்டு அடுத்த பல்லுக்குத் தாவும்போது விரலில் ஒரு தட்டுத் தட்டும். எண்ணினார். குனிந்து உள்ளே டார்ச் அடித்தார். “பன்னெண்டு ஸ்லாட், பதினாலு காந்தம். சுத்துறது வெளிக்கூடு, நிக்கிறது உள்ளே. சீலிங் ஃபேன் மாதிரிங்க!” என்றார். ஒரு மனிதர் இத்தனை வருஷம் கழித்துப் பள்ளிக்கூடத் தோழனைச் சந்தித்தால் முகம் அப்படித்தான் இருக்கும்.

பேட்டரியிலிருந்து வருகிற நேர்மின்சாரத்தை மூன்று ஃபேஸாக்கி மோட்டாருக்குக் கொடுப்பது ஈ.எஸ்.சி. என்ற சின்னப் பெட்டி. நான் விளக்க ஆரம்பித்தேன். அதற்குள், “அட, இது வி.எஃப்.டி.ங்க. கம்பெனில பீரோ உசரத்துக்கு வச்சிருந்தோம்” என்று முடித்துவிட்டார். ஓட விட்டபோது ப்ராப் தலைகீழாகச் சுற்றியது. நான் கையேட்டைப் புரட்டுவதற்குள், மூன்று ஒயரில் இரண்டை உருவி மாற்றிச் சொருகிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கொங்கு நாட்டில் கிணற்று மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் பத்து வயதுப் பையன்கூட அதைத்தான் செய்வான்.

பிறகு கணக்கு. கிலோவுக்கு இருநூற்றைம்பது வாட் பக்கம் இருந்தால் டிரெய்னர் விமானம் தெம்பாகவே ஏறும். நான்கு செல் லிப்போ பேட்டரி, 14.8 வோல்ட், 40 ஆம்பியர். பெருக்கினால் ஏறக்குறைய அறுநூறு வாட். ஒரு எச்.பி. என்பது 746 வாட்.

“முக்கால் எச்.பி.!” என்றார் மாமா. “இத நான் ஒத்துக்கறேங்க. நேர்மையான மோட்டார்.”

எட்டு நிமிஷம் பறக்கும் என்று சொன்னபோதுதான் முகம் சுருங்கியது. “எட்டே நிமிஷமா? தோட்டத்துக்கே த்ரீ-ஃபேஸ் அதைவிட அதிக நேரம் குடுக்கறாங்களே.” லிப்போவின் மற்ற குணங்களை அவரிடம் சொல்லவில்லை. அது நிறைந்த வயிற்றோடு கிடந்தாலும் கெடும், காலி வயிற்றோடு கிடந்தாலும் கெடும். செல்லுக்கு 3.8 வோல்ட் என்று அரை வயிற்றில் வைத்துத் தூங்க வைக்க வேண்டும். கோபம் வந்தால் உப்பும், ரொம்பக் கோபம் வந்தால் எரியும். சார்ஜ் போடுகிற நேரத்தில் பக்கத்தில் ஒரு வாளி மணலோடு நான் காவல் இருக்கிறேன். மனைவி அந்த மணலைத் துளசிச் செடிக்கு எடுத்துப் போடாமல் அதற்கும் காவல் இருக்கிறேன்.

இப்போது பிரச்சினை புரொப்பெல்லரில் வந்து நிற்கிறது. பன்னிரண்டுக்கு ஆறு, அதாவது விட்டம் பன்னிரண்டு அங்குலம், பிட்ச் ஆறு, மாட்டி வாட்மீட்டரில் பார்த்தால் 46 ஆம்பியர் இழுக்கிறது. மோட்டாரின் வரம்பு 40. பதினொன்றுக்கு ஆறு வாங்க வேண்டும். மாமா காசைக் கரியாக்குகிறேன் என்கிறார். ஆம்பியர் கூடினால் இம்பெல்லரைக் கழற்றி லேத்தில் போட்டு விட்டத்தைக் குறைப்பது அவர் முப்பது வருஷமாகச் செய்த வேலை. “இதையே ரெண்டு பக்கமும் அரை அரை இஞ்சு எடுத்துட்டாப் பதினொண்ணுதானுங்களே?” என்று கேட்கிறார். பிளாஸ்டிக் இலையின் நுனியை வெட்டினால் சமன் கெடும், பதினோராயிரம் சுற்றில் ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு பறந்தால் ஆள் காலி என்று சொல்லிப் பார்த்தேன். “பேலன்ஸிங்கா? அதுக்கு நம்மகிட்ட மெஷினே இருக்குதுங்க” என்று, யாரோ பழைய சகாவுக்குப் போன் போட்டுவிட்டார். புது ப்ராப் கொரியரில் வருகிறது. அதுவரை பழையதை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். மாமியாரிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன், அவர் என் கட்சி.