மீனா ஆன மீனாட்சிசுந்தரம்

எல்லா ஆபீஸிலும் ஒரு பெயர்ராசிக்காரர் இருப்பார். எங்கள் ஆபீஸ்காரருக்கு மீனாட்சிசுந்தரம் என்றே பெயர் வைத்துக்கொள்வோம். நியூமராலஜி பார்த்து ஆங்கிலத்தில் கடைசியாக ஒரு 'எம்' கூட்டிக்கொண்டவர். கெசட்டில் வந்த பக்கத்தை லேமினேஷன் செய்து டிபன் பையிலேயே வைத்திருப்பார். ரேஷன் கார்டு, பாஸ்புக், பைக் ஆர்.சி. என்று அந்தக் கூடுதல் 'எம்' ஏறாத காகிதமே வீட்டில் கிடையாது.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்ததால், எல்லா கம்ப்யூட்டரையும் துடைத்துவிட்டு 11-ஐ ஏற்றினேன். மறுநாள் வந்து குனிந்து, காதோடு கேட்டார்: "தம்பி, யாருப்பா இந்த மீனா?"

மின்னஞ்சல் கொடுத்து உள்ளே நுழைந்தால், அதன் முதல் ஐந்து எழுத்தை எடுத்துத்தான் விண்டோஸ் நம் ஃபோல்டருக்குப் பெயர் வைக்கும். அருணாசலமாக இருந்தால் அருணா ஆகியிருப்பார். இதை விளக்கினேன். அவர் கெசட்டை எடுத்து மானிட்டருக்கு நேரே நீட்டினார்.

கணக்கின் பெயரை மாற்றிக் கொடுத்தேன். முகப்பில் முழுப்பெயரும் கடைசியில் இரண்டு 'எம்'மோடு வந்தது. சந்தோஷத்தில் காராசேவு பொட்டலம் பிரித்தார். சாயங்காலம் சி டிரைவைத் திறந்தால் மீனா அங்கேயே இருக்கிறாள். வெளியே மாறுவது போர்டு மட்டும்தான், ஃபோல்டர் அசையாது.

விடுவாரா? இன்னொரு கணக்கில் நுழைந்து ஃபோல்டரின் பெயரைத் தானே மாற்றிவிட்டார். விண்டோஸ் பழைய விலாசத்துக்கே போய்த் தேடும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? காலையில் டெஸ்க்டாப் துடைத்துவிட்ட மாதிரி காலி. பேத்தியின் காதுகுத்துப் படத்தையும் காணோம். எல்லாவற்றையும் பழையபடி நிறுத்த எனக்கு அரை நாள் போயிற்று.

"சார், கம்ப்யூட்டருக்குப் பேரே பொருட்டில்லை. உள்ளுக்குள்ள ஒரு நம்பர்தான் நீங்க. பேரை எத்தனை தடவை மாத்தினாலும் அது மாறாது" என்று அவர் கணக்கின் எண்ணைக் காட்டினேன். 1001 என்று முடிந்தது.

அங்கேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். விரல் விட்டுக் கூட்டினார். "ரெண்டு. சந்திரன். எனக்கு ஆகவே ஆகாது தம்பி. வேற நம்பர் என்ன இருக்கு?"

விண்டோஸோடு கூடவே வரும் அட்மினிஸ்டிரேட்டர் கணக்கு மட்டும் எப்போதும் 500-ல் முடியும் என்றேன்.

"அஞ்சு! புதன்!" என்றவர், நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.