ரன்வே குட்டை, ஈகோ நெட்டை

கரீபியன் தீவுகளில் ஒரு குட்டி விமானக் கம்பெனி ஆரம்பிக்கலாம் என்று உங்களுக்கு ஆசை வருகிறது. வெட்கப்படாதீர்கள். கையில் நாலு காசு சேர்ந்ததும் ஓட்டல் வைத்துத் தொலைத்தவர் உண்டு, சினிமா எடுத்துத் தொலைத்தவர் உண்டு. இதுவும் அந்த ஜாதிதான், கொஞ்சம் உயரத்திலிருந்து விழ வேண்டியிருக்கும், அவ்வளவே.

மேப்பை விரித்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும். பொரிப் பொட்டலம் பிரிந்து சிதறிய மாதிரி வரிசையாகத் தீவுகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பதினைந்து நிமிடம், மிஞ்சினால் அரை மணி. அண்ணா நகரிலிருந்து தி.நகர் போய்ச் சேருவதற்குள் அங்கே மூன்று நாட்டைப் பார்த்துவிடலாம். இறக்கை வைத்த ஷேர் ஆட்டோ பிசினஸ்தானே, இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். அப்படித் தோன்றிய மகான்களின் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

முதல் மகான் கொலம்பஸ். ஆசியாவுக்கென்று கிளம்பி, 1492-ல் பஹாமாஸில் இறங்கினார். இறங்கியது மட்டுமில்லாமல், நான் வந்தது சரியான ஊர்தான் என்று கடைசிவரை அடம்பிடித்தார். ஆகவே அந்தப் பக்கம் போகும்போது நீங்கள் ஒரு தீவிலும் உங்கள் பெட்டி இன்னொரு தீவிலும் இறங்கினால் கோபிக்காதீர்கள். 500 வருஷத்துப் பாரம்பரியம் அது.

சரி, டிப்ஸுக்கு வருவோம்.

டிப்ஸ் 1: சொந்தமாகப் பிளேன் வேண்டும் என்று கட்டாயமில்லை.

1927. ஜுவான் டிரிப், அமெரிக்கர், வயது 28. பின்னாளில் உலகத்தையே வளைத்த ‘பான் அமெரிக்கன்’ கம்பெனியைக் கட்டியெழுப்பிய பெரிய மனிதர். ஃப்ளோரிடாவின் கீ வெஸ்டிலிருந்து கியூபாவின் ஹவானாவுக்குத் தபால் கொண்டுபோகும் காண்ட்ராக்ட் கையில் இருக்கிறது. அக்டோபர் 19-ல் முதல் தபால் பறந்தாக வேண்டும், இல்லாவிட்டால் காண்ட்ராக்ட் கோவிந்தா. ஆர்டர் கொடுத்த விமானமும் தயார். ஒரே ஒரு சின்னக் குறைதான். கீ வெஸ்டில் அது இறங்குவதற்கான ரன்வே இன்னும் போட்டு முடியவில்லை.

என்ன செய்வது? தண்ணீரில் மிதக்கும் குட்டி விமானம் ஒன்று அந்நேரம் பார்த்து ஃப்ளோரிடா பக்கம் நின்றுகொண்டிருந்தது. டொமினிகன் குடியரசில் அப்போதுதான் தொடங்கியிருந்த ‘வெஸ்ட் இண்டியன் ஏரியல் எக்ஸ்பிரஸ்’ என்ற சுண்டைக்காய்க் கம்பெனியின் வண்டி. பெயர் ‘லா நினா’, கொலம்பஸின் கப்பல் பெயர். பைலட் சை கால்டுவெல்லிடம் கூலி பேசி, தபால் மூட்டைகளை ஏற்றி அனுப்பினார்கள். சுமார் 145 கிலோமீட்டர், ஒரு மணி நேரம், வேலை முடிந்தது. பின்னாளில் ஜம்போ ஜெட்டுகளாக வாங்கிக் குவித்த சாம்ராஜ்யம், முதல் தபாலைக் கொண்டுபோனது வாடகை வண்டியில்!

உதவிய கம்பெனிக்கு என்ன கைம்மாறு செய்தார்கள் என்றுதானே கேட்கிறீர்கள்? மறு வருஷம் கரீபியன் தபால் காண்ட்ராக்டையும் பான் அமெரிக்கனே தட்டிச் சென்றது. சுண்டைக்காய் வேறு வழியில்லாமல் தன்னையே விற்றுக்கொண்டது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான பேசில் ரோ, பான் அமெரிக்கனில் பைலட்டாகச் சேர்ந்தார். அவசரத்துக்கு வண்டி கொடுத்தவர், கடைசியில் அவர்கள் வீட்டுக்கே டிரைவர்.

டிப்ஸ் 2: கண் ஒன்று போதும், கம்பெனிப் பெயர் கம்பீரமாக இருக்க வேண்டும்.

லோவல் யெரெக்ஸ் நியூசிலாந்துக்காரர். முதல் உலகப் போரில் பறந்து, சுடப்பட்டு, சிறைப்பட்டு மீண்டவர். பிறகு ஹோண்டுராஸ் போய் ஒரு விமானக் கம்பெனி தொடங்கினார். அங்கே 1932 உள்நாட்டுச் சண்டையில் அரசாங்கத்துக்காகப் பறக்கப்போய், குண்டு பட்டு ஒரு கண் போயிற்று. சாதாரண ஆளாக இருந்தால் போதுமடா சாமி என்று பெட்டிக்கடை வைத்திருப்பார். இவர் 1940-ல் டிரினிடாட் போய் இன்னொரு விமானக் கம்பெனி தொடங்கினார்.

பெயர் ‘பிரிட்டிஷ் வெஸ்ட் இண்டியன் ஏர்வேஸ்’. முதலாளி நியூசிலாந்து, அனுபவம் ஹோண்டுராஸ், விமானம் அமெரிக்காவின் லாக்ஹீட். பிரிட்டிஷ் எங்கே என்று தேடினால் போர்டில் இருந்தது.

ஜனங்கள் சும்மா விடுவார்களா? பி.டபிள்யூ.ஐ.ஏ. என்ற எழுத்துகளை ‘பட் வில் இட் அரைவ்?’ என்று விரித்தார்கள். அதாவது, எல்லாம் சரி, வந்து சேருமா? உங்கள் கம்பெனிக்குப் பெயர் வைக்குமுன் முதலெழுத்துகளை நாலு வம்புக்காரர்களிடம் கொடுத்துப் பாருங்கள். நியூமராலஜியெல்லாம் அப்புறம்.

டிப்ஸ் 3: இறங்க முடியாது என்று எல்லோரும் சொல்லும் இடத்தில்தான் பிசினஸ் இருக்கிறது.

சேபா என்று ஒரு தீவு. 13 சதுர கிலோமீட்டர், டச்சுக்காரர்களுடையது. தீவு என்று சொல்வது மரியாதைக்கு. கடலிலிருந்து விறைப்பாக எழுந்து நிற்கும் எரிமலை அது. தலைநகரின் பெயர் ‘தி பாட்டம்’, அதாவது அடிப்பகுதி. அது இருப்பது மலைமேல்! படகில் வந்து இறங்கினால் பாறையில் வெட்டிய 800 படி ஏற வேண்டும், சாமானெல்லாம் தலைச்சுமை. இங்கே ரோடு போடவே முடியாது என்று படித்த என்ஜினியர்கள் கைவிரித்தார்கள். லாம்பர்ட் ஹாசல் என்ற உள்ளூர்க்காரர் தபால்வழியில் என்ஜினியரிங் படித்துவிட்டு, 1938-ல் வேலையை ஆரம்பித்து, ஊர்க்காரர்களை வைத்தே ரோடு போட்டுக் காட்டினார். கரஸ்பாண்டன்ஸ் கோர்ஸ் என்று இனி யாரையும் கேலி செய்யாதீர்கள்.

ரோடு வந்தால் அடுத்து என்ன? விமானம். இந்த இடத்தில்தான் ரெமி தெ ஹேனன் மேடையேறுகிறார். பக்கத்தில் செயின்ட் பார்ட்ஸ் என்ற பிரெஞ்சுத் தீவில், ஆடு மேய்ந்துகொண்டிருந்த புல்வெளியில் முதன்முதலாக விமானத்தை இறக்கிய சாகசக்காரர். ஓட்டல்காரர். கடத்தல்காரர் என்றும் பெயர் உண்டு. அந்தத் தீவுக்குப் பிற்பாடு மேயரும் அவரே. ஒரே ஆளுக்கு இத்தனை விசிட்டிங் கார்டா என்று மலைக்காதீர்கள், சின்னத் தீவில் ஆள் பற்றாக்குறை.

சேபாவில் தேடித் தேடிப் பார்த்ததில் ஓரளவு தட்டையாக இருந்தது ஒரே இடம். ‘ஃபிளாட் பாயின்ட்’ என்று ஏற்கெனவே பெயரும் வைத்திருந்தார்கள். ஊர் ஜனங்கள் கூடி, கையாலும் மண்வெட்டியாலும் தள்ளுவண்டியாலும் பாறைகளை அகற்றி ஒரு மண் பட்டையை உண்டாக்கினார்கள். 1959 பிப்ரவரி 9. தீவே அங்கே திரண்டு நிற்கிறது. இந்தப் பக்கம் போனால் கடல், அந்தப் பக்கம் போனால் கடல், பின்னால் மலை. மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் கிராமத்தின் பெயர் ‘ஹெல்ஸ் கேட்’, நரக வாசல். நல்ல சகுனம்! ஹேனன் அசரவில்லை. வந்தார், இறங்கினார், நின்றார். ஊரே ஆர்ப்பரித்தது.

1963-ல் அங்கே முறையான ரன்வே திறந்தார்கள். நீளம் 400 மீட்டர். சென்னை விமான நிலையத்தின் பெரிய ரன்வேயை ஒன்பதாக நறுக்கி ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். பெயர் வைக்கும் நேரம் வந்தது. பாறை பொறுக்கிய ஜனங்கள் பெயரா? உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கியவர் பெயரா? ஹுவான்சோ இராஸ்கின் என்ற அமைச்சரின் பெயரை வைத்தார்கள். எந்தக் கடலைத் தாண்டினாலும் இந்த ஒரு விஷயத்தில் நம்ம ஊர்தான்.

ஹேனனுக்கு மனக்குறை வேண்டாம். செயின்ட் பார்ட்ஸ் விமான நிலையத்துக்கு இன்று அவர் பெயர். அங்கே ரன்வே 650 மீட்டர். விமானம் ஒரு மலை முகட்டு ரோட்டில் போகும் கார்களின் தலையை உரசுகிற மாதிரி வந்து, மூக்கைக் கவிழ்த்துச் சரிவோடு சரிவாக இறங்க வேண்டும். பிரேக் பிடிக்காவிட்டால் எதிரே கடற்கரையில் குப்புறப் படுத்து வெயில் காய்பவர்கள். கோடீஸ்வரர்கள் வந்து குவியும் தீவு அது. உலகத்தையே விலைக்கு வாங்கக்கூடியவர்களும் அந்த ஒரு நிமிடம் முன்சீட்டைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறார்கள்.

டிப்ஸ் 4: கூட்டாளி வேண்டும், அதற்காகப் பதினொன்றா?

1956-ல் மான்ட்செராட் தீவில் ஃபிராங்க் டெலைல் என்பவர் ஒரே ஒரு பைப்பர் அப்பாச்சி விமானத்தோடு ‘லியாட்’ தொடங்கினார். பைலட்டோடு நாலைந்து பேர் உட்காரலாம். அம்பாசடர் கார் கணக்கு. பக்கத்து ஆன்டிகுவாவுக்குப் போய் வந்துகொண்டு சிவனே என்று இருந்த கம்பெனி. 1971-ல் ‘கோர்ட் லைன்’ என்ற பிரிட்டிஷ் சுற்றுலா விமானக் கம்பெனி அதை வாங்கியது. ரோஸ், ஆரஞ்சு என்று விமானங்களுக்குப் பஞ்சுமிட்டாய்க் கலர் அடிப்பவர்கள். 1974 ஆகஸ்டில் கோர்ட் லைன் பஞ்சுமிட்டாய் மாதிரியே கரைந்துபோனது.

லியாட்டைக் காப்பாற்ற 11 கரீபியன் அரசாங்கங்கள் சேர்ந்து கை கொடுத்தன. ஒரு கல்யாண மண்டபத்தைப் பதினொரு சம்பந்திகள் சேர்ந்து நடத்துவதைக் கற்பனை செய்யுங்கள். காலை விமானம் எங்கள் தீவுக்கு வர வேண்டும், மாலை விமானமும் எங்கள் தீவுக்கு வர வேண்டும், நஷ்டம் மட்டும் பக்கத்துத் தீவுக்குப் போக வேண்டும்.

லேட் ஆவதற்கும் நியாயமான காரணம் உண்டு. விமானத்துக்கு வயசு கிலோமீட்டரில் ஏறுவதில்லை, எத்தனை தடவை ஏறி இறங்கியது என்பதில் ஏறுகிறது. தீவு தீவாகத் தத்தும் விமானம் ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு தடவை தரையை முத்தமிடும். உப்புக் காற்று வேறு உலோகத்தைத் தின்னும். பல குட்டி ரன்வேக்களில் விளக்கு கிடையாது. இருட்டினால் கடை மூடல். ஆக, காலையில் முதல் தீவில் மழைக்காக ஒதுங்கிய அரை மணி நேரம், சாயங்காலம் கடைசித் தீவில் ஒருவரின் நிச்சயதார்த்தத்தையே நிறுத்திவிடும்.

ஜனங்கள் பழையபடி எழுத்துகளை விரித்தார்கள். லியாட் என்றால் ‘லீவ் ஐலண்ட் எனி டைம்’, நினைத்தபோது கிளம்பும். ‘லக்கேஜ் இன் அனதர் டெர்மினல்’ என்றும் ஓர் உரை உண்டு. 2013-ல் ஒரு பயணி கம்பெனிக்கு நன்றிக் கடிதம் எழுதினார். மற்றவர்களெல்லாம் அவசர அவசரமாகப் போகிற ஊரில் இறக்கிவிட்டுவிடுகிறார்கள், நீங்கள்தான் ஒரே நாளில் ஆறு விமான நிலையங்களைச் சுற்றிக் காட்டினீர்கள் என்று உருகியிருந்தார். அந்தக் கடிதத்தை உலகத்துக்கே பரப்பியவர் ரிச்சர்ட் பிரான்சன். அவரும் விமானக் கம்பெனி முதலாளி. தொழில்முறை அன்பு!

ஆனாலும் ஒன்று. சில ஆயிரம் பேர் வாழும் தீவுக்கு லாபம் பார்க்கும் எந்தக் கம்பெனி வரும்? நோயாளியையும் காலேஜ் பிள்ளையையும் கிரிக்கெட் கிட்டையும் சுமந்தது அந்த லேட் விமானம்தான். திட்டியவர்களே அடுத்த வாரமும் அதில்தான் டிக்கெட் எடுத்தார்கள்.

டிப்ஸ் 5: எதிரியின் பாக்கெட் பெரிதா? கவலை வேண்டாம், யார் காசு என்று பாருங்கள்.

டெக்சாஸ்காரர் ஆலன் ஸ்டான்ஃபோர்டு, ஆன்டிகுவாவில் பேங்க் நடத்தியவர். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தை நிறுவியவர் எங்கள் வம்சம் என்று சொல்லிக்கொள்வார்; பல்கலைக்கழகமோ எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டது. 2000-ல் ‘கரீபியன் ஸ்டார்’ என்ற கம்பெனியைத் தொடங்கி, டிக்கெட் விலையைத் தரைமட்டமாக்கி லியாட்டை மூச்சு முட்ட வைத்தார். 2006-ல் ஆன்டிகுவா அவருக்கு ‘சர்’ பட்டம் கொடுத்தது. 2008-ல் லார்ட்ஸ் கிரிக்கெட் மைதானத்தில் ஹெலிகாப்டரில் வந்து இறங்கி, கண்ணாடிப் பெட்டி நிறைய டாலர் கட்டுகளைக் காட்டினார். ஒரே ஒரு டி20, ஜெயிக்கிற அணிக்கு இரண்டு கோடி டாலர்! கிரிக்கெட் பெருமான்கள் பக்கத்தில் நின்று பல்லெல்லாம் தெரியப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மேட்சில் அவர் அணியிடம் இங்கிலாந்து 10 விக்கெட்டில் மண்ணைக் கவ்வியது.

2009-ல் ஊர் பார்த்தது: எல்லாமே டெபாசிட்காரர்கள் பணம். நம்ம ஊர் சீட்டுக் கம்பெனிக் கதைதான், என்ன, 700 கோடி டாலர் சைஸ். 2012-ல் 110 வருஷம் சிறை. கரீபியன் ஸ்டார் என்ன ஆயிற்று? அதற்கு முன்பே, 2007-ல், லியாட்டோடு ஐக்கியமாகிவிட்டது. விழுங்க வந்ததை இரையே விழுங்கி ஏப்பம் விட்டது.

அதற்காக லியாட் சிரஞ்சீவி என்று நினைத்துவிடாதீர்கள். கொரோனா வந்த 2020-ல் படுத்தது. 2024-ல் நைஜீரியக் கம்பெனி ஒன்றின் கூட்டோடு ‘லியாட் 2020’ என்று எழுந்தது. பழையதன் சட்டப்படியான பெயரிலும் 1974 என்று இருந்தது. ஒவ்வொரு தடவையும் கவிழ்ந்த வருஷத்தையே பெயரில் மாட்டிக்கொள்ளும் தன்னடக்கம் வேறு எந்தக் கம்பெனிக்கு வரும்?

கடைசி டிப்ஸ் சேபாவில் இருக்கிறது. உலகையே சுற்றிய பான் அமெரிக்கன் 1991-ல் மூடிவிட்டது, ‘சர்’ பட்டம் பறிபோய்விட்டது. ஆனால் பக்கத்துத் தீவான செயின்ட் மார்ட்டினிலிருந்து சேபாவுக்கு ‘வின்ஏர்’ கம்பெனியின் ட்வின் ஆட்டர் விமானம், பத்தொன்பது சீட்டு, கால் மணிப் பயணம், இன்றும் போய்க்கொண்டிருக்கிறது. மேலேயிருந்து பார்த்தால் அந்த ரன்வேயின் இரண்டு முனையிலும் பெரிய பெருக்கல் குறி தெரியும், வாத்தியார் நோட்டில் போடும் தப்பு மார்க் மாதிரி. இங்கே இறங்கக் கூடாது என்று அர்த்தம். வின்ஏர் மாதிரிக் கம்பெனிக்கு மட்டும் விசேஷ அனுமதி. என்ஜினியர் ‘முடியாது’ என்று போட்ட தப்பு மார்க்கின் மேல்தானே சேபாக்காரர்கள் ரோடே போட்டார்கள்.

பைலட் குறியைப் பார்க்கிறார், நேராக அதை நோக்கி வருகிறார், இறங்குகிறார். பயணிகள் கைதட்டுகிறார்கள். பெட்டி அடுத்த விமானத்தில் வரும்.